கிட்டாருக்கு ஒரு பெயர்

கிட்டார் கலைஞர்கள் தங்கள் கருவிக்குப் பெயர் வைப்பது உண்மைதான். ஆனால் எல்லாரும் வைப்பதில்லை. வைப்பவர்களும் ஒரே காரணத்துக்காக வைப்பதில்லை. சில பெயர்கள் ஒரு சம்பவத்தை மறக்காமல் இருப்பதற்காக வந்தவை. சில நிறத்தைப் பார்த்து வாய்க்கு வந்தவை. சில மேடைக்குப் பின்னால் நிற்கும் உதவியாளரின் வசதிக்காக ஏற்பட்டவை. பெயரை விசாரித்துக்கொண்டே போனால், அது யாருக்குத் தேவைப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

இவற்றில் மிகவும் புகழ்பெற்றது ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் 'லூசில்'. 1949 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சிற்றூரின் நடனக் கொட்டகையில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காக அறையின் நடுவே ஒரு பீப்பாயில் பாதியளவு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி வைப்பது அங்கே வழக்கம். அன்றிரவு இரண்டு பேர் கைகலந்து அந்தப் பீப்பாயின் மேல் விழுந்தார்கள். எரியும் எண்ணெய் தரையெங்கும் ஓடியது. எல்லாரும் வெளியே பாய்ந்தார்கள், கிங்கும்தான். வெளியே வந்த பிறகுதான் கிட்டாரை உள்ளேயே விட்டுவிட்டது அவருக்கு உறைத்தது. பற்றியெரியும் கொட்டகைக்குள் மறுபடி ஓடி, அதை எடுத்துக்கொண்டு மயிரிழையில் உயிர் தப்பினார். அந்தத் தீயில் இரண்டு பேர் இறந்தார்கள். சண்டைக்குக் காரணம் அங்கே வேலை பார்த்த லூசில் என்ற பெண் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இனி ஒருபோதும் இப்படி ஒரு மடத்தனத்தைச் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள அந்தப் பெயரைக் கிட்டாருக்கு வைத்ததாக அவர் சொல்லிவந்தார். அந்தப் பெண்ணை அவர் சந்தித்ததே இல்லை.

தீயிலிருந்து மீண்ட கிட்டாரோடு அந்தப் பெயர் நின்றுவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. கிங் பல கிட்டார்களை மாற்றினார். அடுத்து வந்த ஒவ்வொன்றும் லூசில்தான். 1997இல் போப் இரண்டாம் ஜான் பாலுக்கு ஒரு லூசிலைப் பரிசளித்துவிட்டு வந்தார். அதனால் அவருக்கு லூசில் இல்லாமல் போகவில்லை. வீட்டில் பட்டப்பெயர் தலைமுறை தலைமுறையாக இறங்குவதைப் போல, மரமும் கம்பியும் மாறினாலும் பெயர் அடுத்த கருவிக்கு இறங்கிக்கொண்டே போனது.

கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் 'ட்ரிக்கர்' இதற்கு நேர் எதிர். அங்கே பெயர் ஒன்று, கிட்டாரும் ஒன்றே. 1969இல் குடிபோதையில் இருந்த ஒருவர் நெல்சனின் பழைய கிட்டாரை மிதித்து உடைத்தார். பழுது பார்க்க நாஷ்வில் நகரத்துக்கு அனுப்பியபோது, அது தேறாது, வேறொன்று இருக்கிறது என்று சொன்னார்கள். அது மார்ட்டின் நிறுவனத்தின் என்-20, நைலான் கம்பி கிட்டார். நேரில் பார்க்காமலே 750 டாலருக்கு அதை வாங்கிக்கொண்டு, உடைந்த கிட்டாரின் பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகத்தை, அதில் பொருத்தச் சொன்னார். கௌபாய்ப் படங்களின் நாயகன் ராய் ரோஜர்ஸின் குதிரை ட்ரிக்கர். ரோஜர்ஸுக்கு அந்தக் குதிரை எப்படியோ, தனக்கு இந்தக் கிட்டார் அப்படி என்பது நெல்சனின் கணக்கு.

அந்த வகைக் கிட்டார் விரலால் மீட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பிக் என்ற மீட்டு வில்லையால் வாசித்தால் மேற்பலகை தேயாமல் காக்கும் தகடு அதில் இருக்காது. நெல்சனோ பிக்கால் அழுத்தி வாசிப்பவர். பல்லாண்டு உரசலில் ஒலித்துளைக்கு அருகே பலகை தேய்ந்து இரண்டாவது துளையே விழுந்துவிட்டது. அதைச் சுற்றி நண்பர்களும் சக கலைஞர்களும் போட்ட கையெழுத்துகள் நூறுக்கு மேல். 1990இல் வரிபாக்கிக்காக அரசு அவருடைய சொத்துகளைக் கைப்பற்றியபோது, இந்தக் கிட்டார் மட்டும் சிக்கிவிடாதபடி மகளைக் கொண்டு முன்கூட்டியே அப்புறப்படுத்தினார். பாக்கி 1 கோடியே 67 லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டிருந்தது. 750 டாலர் கிட்டாரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

நிறத்தால் வந்த பெயர்களுக்கு இத்தனை கதை இல்லை. ராக் கலைஞர் எரிக் கிளாப்டனின் பழுப்பு நிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 'பிரவுனி', கறுப்பு 'பிளாக்கி'. பிளாக்கி கடையில் வாங்கிய கிட்டாரே அல்ல. 1970இல் நாஷ்வில்லில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கிய கிளாப்டன், மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றைப் பிரித்து நல்ல பாகங்களை மட்டும் சேர்த்து ஒன்றாக்கினார். 1980களின் நடுப்பகுதி வரை அவருடைய முதன்மைக் கிட்டார் அதுதான். ஆன்டிகுவா தீவில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக அவர் நிறுவிய மையத்துக்கு நிதி திரட்ட, 2004இல் ஏலம் விட்டபோது அது 9,59,500 டாலருக்குப் போனது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் சிவப்பு லெஸ் பால் கிட்டாரும் 1968இல் கிளாப்டன் கொடுத்ததே. அதற்குக் கிடைத்த பெயர் 'லூசி'. செந்நிற முடிக்குப் பேர்போன நடிகை லூசில் பாலை நினைத்து வந்தது அது, பி.பி. கிங்கின் லூசிலுக்கும் அதற்கும் உறவில்லை.

பெண் பெயர்களே அதிகம் என்பது கண்ணில் படாமல் போகாது. ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் தன் மனைவி லெனோராவும் நண்பர்களும் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த கிட்டாரை 'லென்னி' என்று மனைவியின் பெயராலேயே அழைத்தார். இன்னொன்றைத் தன் முதல் மனைவி என்றே சொல்வார். பெயர் சூட்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதைத் தவிர இதற்கு ஆழமான விளக்கம் தேட வேண்டியதில்லை. குவீன் குழுவின் பிரையன் மே, 1963இல் தொடங்கித் தந்தையோடு வீட்டிலேயே செய்த கிட்டாருக்குப் பழைய கணப்பு அடுப்பின் மேற்சட்டத்திலிருந்த மகோகனி மரம் உதவியது. அதை அவர் 'கிழவி' என்று செல்லமாகச் சொல்வதுண்டு.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸிடம் இந்தச் செல்லமெல்லாம் இல்லை. ஆறு கம்பிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, ஐந்து கம்பிகளைத் தனிச் சுருதியில் கூட்டி அவர் வாசிக்கும் டெலிகாஸ்டரின் பெயர் 'மிக்காபர்'. டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் எந்நேரமும் கடனில் தத்தளிக்கும் பாத்திரம் மிக்காபர். ஏன் அந்தப் பெயர்? பெரிய காரணமில்லை, மேடையிலிருந்து மிக்காபர் என்று கத்தினால் எதைக் கேட்கிறேன் என்று எல்லாருக்கும் புரியும் என்பதே அவர் தந்த விளக்கம். ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு சுருதியில் கூட்டிய கிட்டார் தேவைப்படும் கச்சேரியில் இது நியாயமான தேவை. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1970களில் அதே தேவைக்குப் பெயரே வேண்டாம் என்று முடிவெடுத்தார். அவருடைய லெஸ் பால் கிட்டார்களின் மேல் 1, 2, 3 என்று பெரிய எண்கள் ஒட்டப்பட்டிருந்தன. மேடையிலேயே கிட்டாரை அடித்து நொறுக்கிப் பேர் வாங்கியவருக்கு எண் போதுமானதுதான்.

இசைக்கருவிக்குத் தனிப்பெயர் இருப்பது கிட்டாரோடு தொடங்கிய வழக்கமல்ல. நாரதரின் வீணை மகதி, சரஸ்வதியின் வீணை கச்சபி. பகானினி தன் வயலினை அதன் முழக்கத்துக்காகப் பீரங்கி என்று அழைத்தார். 1743இல் குவார்னேரி செய்த அந்த வயலின் இன்றும் ஜெனோவா நகரத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் ஸ்ட்ராடிவாரி வயலின்களின் பெயர்களில் பெரும்பாலானவை வாசித்தவர்கள் வைத்தவை அல்ல, பழைய உரிமையாளர்களின் பெயர்கள். கவிஞர் பைரனின் பேத்தி ஆன் பிளன்ட்டிடம் இருந்த 1721ஆம் ஆண்டு வயலின் 'லேடி பிளன்ட்' ஆனது அப்படித்தான். 2011இல் அது 1 கோடியே 59 லட்சம் டாலருக்கு விலைபோனது.

பழைய கிட்டார்களும் இப்போது அந்த வழிக்கு வந்துவிட்டன. பீட்டர் கிரீன் வாசித்த 1959ஆம் ஆண்டு லெஸ் பால், கேரி மூரிடம் போய், பல கை மாறி, 2014இல் மெட்டாலிகா குழுவின் கர்க் ஹாம்மெட்டிடம் வந்து சேர்ந்தது. இன்றும் அதன் பெயர் முதல் கலைஞரின் பெயரை ஒட்டிய 'கிரீனி'தான். பெயருக்குக் கிராக்கி இருப்பதைத் தயாரிப்பாளர்களும் விடவில்லை. கிப்சன் நிறுவனம் 1980இலேயே லூசில் என்ற பெயரில் ஒரு மாடலை வெளியிட்டது. ஒலிபெருக்கியின் சத்தம் உட்புகுந்து ஊளையிடாமல் இருக்க, கிங் தன் கிட்டாரின் மேற்பலகைத் துளைகளில் துணியைத் திணித்து வாசிப்பார். புது மாடலில் அந்தத் துளைகளையே எடுத்துவிட்டார்கள். கிரீனியின் பெயரிலும் அதே நிறுவனம் கிட்டார் விற்கிறது. பிளாக்கியின் கீறல், தேய்மானம் உட்பட அச்சாகப் பிரதியெடுத்து ஃபெண்டர் நிறுவனம் 2006இல் 275 கிட்டார்கள் செய்தது.