ஊர் பேர் சொல்லிப் பாடு: சூப்பர் சிங்கர் நம்ம பாட்டை என்ன பண்ணுச்சு?

டிவி பாட்டுப் போட்டியில யார் மேடை ஏறினாலும் முதல்ல சொல்றது பேரு, அடுத்தது ஊரு. பாட்டே அதுக்கப்புறம்தான். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர்லதான் விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு. ஆனா இந்தியா முழுக்க டிவியில அந்தப் பேரு ஓடினது 2024 ஜூன்ல, கள்ளச்சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தப்போ. பாட்டுக்காக அந்தப் பேரு டிவியில வரணும்னா என்ன ஆகணும்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

நிறைய பேர் இதெல்லாம் விஜய் டிவியில ஆரம்பிச்சதுன்னு நினைக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே சன் டிவியில 'சப்தஸ்வரங்கள்' இருந்துச்சு. சின்மயி அங்க பாடினவங்கதான். பாடகர் ஸ்ரீனிவாஸ் அவங்களை ஏ.ஆர்.ரஹ்மான்கிட்ட அறிமுகப்படுத்தினார், 2002-ல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. சூப்பர் சிங்கர் 2006-ல் வந்தபோது இந்த வழியையே நிகழ்ச்சியாக்கியது. ஆடிஷன், ரவுண்டு, எலிமினேஷன், வைல்டு கார்டு, மக்கள் ஓட்டு. முதல் சீசனில் நிகில் மேத்யூ ஜெயிச்சார். இரண்டாவதில் ஜெயிச்ச அஜீஷ், யுவன் இசையில் 'கோவா' படத்துக்கு 'இதுவரை' பாடினார்.

இங்க பின்லாந்தைக் கொஞ்சம் பார்த்துட்டு வரலாம், வித்தியாசம் அப்பத்தான் புரியும். அங்கேயும் 'ஐடல்ஸ்'னு இதே மாதிரி போட்டி. முதல் சீசனில், 2004-ல், ஹன்னா பகாரினென் ஜெயிச்சாங்க, அவங்க பேரில் ஆல்பம் வந்தது. 2007-ல் ஜெயிச்ச ஆரி கோய்வுனென் ஹெவி மெட்டல் பாடுறவர். அவர் போட்ட ஆல்பமும் மெட்டல்தான். அதாவது, அங்க ஜெயிச்சவர் தன் பாட்டோட வெளிய வர்றார். நம்ம ஊர்ல ஜெயிச்சவர் இசையமைப்பாளர் ஸ்டூடியோ வாசல்ல வரிசையில நிக்கிறார். பாட்டுச் சந்தைன்னா இங்க பெரும்பாலும் சினிமாதான். ஒரே பாட்டை மூணு நாலு பேரை வெச்சுப் பாட வைப்பாங்க, கடைசியா யார் குரல் படத்துல இருக்கும்னு பாடினவருக்கே தெரியாது. பட்டம் அந்த வரிசையில ஒரு இடம் பிடிச்சுத் தரும், அவ்வளவுதான்.

அதனாலதான் பட்டம் ஒரு பக்கமும் வாழ்க்கை இன்னொரு பக்கமும் போகுது. சத்யபிரகாஷ், பூஜா வைத்தியநாத் ரெண்டு பேருமே மூணாவது சீசன்காரங்க. பட்டம் சாய்சரணுக்குப் போச்சு. ஆனா 2017-ல் 'மெர்சல்' படத்தின் 'ஆளப்போறான் தமிழன்' கேட்டீங்கன்னா அதுல இவங்க ரெண்டு பேர் குரலும் இருக்கு. அர்ஜித் சிங் 2005-ல் 'ஃபேம் குருகுல்'ல தோத்துட்டுப் போனவர். எடிட் பண்ணின வீடியோ வருஷக்கணக்கா யூட்யூப்ல இருக்கே, என்னைக் கேட்டா கோப்பையை விட அதுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஓட்டைப் பத்தியும் சொல்லணும். பெரியவங்க சீசனில் ஒரு பெண் ஜெயிக்க 2023 வரை ஆச்சு, அருணா. 2016-ல் ஜெயிச்ச ஆனந்த் அரவிந்தாக்ஷன் ஏற்கெனவே சினிமாவுல பாடினவர்னு தெரிஞ்சதும் சோஷியல் மீடியாவுல பெரிய சண்டை. அந்தக் கோபம் நியாயம்னுதான் எனக்குத் தோணுது. தப்பு அவர் மேல இல்ல, இது புதுசா வர்றவங்களுக்கான வாசலா, இல்ல எல்லாருக்குமான மேடையான்னு பார்க்கிறவங்களுக்குத் தெளிவா புரியாததுதான் பிரச்சினை.

பெரிய திருப்பம் 2018. ஆறாவது சீசனில் புதுக்கோட்டைக்காரர் செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் கிராமியப் பாட்டோட வந்தாங்க. ரெண்டு பேரும் ஏற்கெனவே ஊர் ஊராப் போய் மேடைக் கச்சேரி பண்ணவங்க. செந்தில் ஜெயிச்சார். மேடையில பாடிட்டிருந்த செல்ல தங்கையாவோட 'சின்ன மச்சான்', 'சார்லி சாப்ளின் 2' படத்துக்குள்ள போய் இவங்க குரல்லயே ஹிட் ஆச்சு. அதுவரைக்கும் போட்டியில கர்நாடக சங்கீதம் தெரிஞ்ச குரலுக்குத்தான் தனி மரியாதை. அதுக்கப்புறம் நாட்டுப்புறப் பாட்டு பாடுறவங்களும் நம்பி ஆடிஷனுக்குப் போகலாம்னு ஆச்சு.

ஆனா உள்ள போற பாட்டு மூணு நாலு நிமிஷத்துக்குள்ள முடியணும். ஒத்தைக் குரல்ல இருக்கணும். பின்னாடி கீபோர்டு, டிரம்ஸ் வரும், அதுக்கு சுருதி மாறாம நிக்கணும். வயல்ல பாடுற பாட்டு இப்படிக் கிடையாது. ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க, வேலை முடியற வரைக்கும் நீளும். சினிமாப் பாட்டுன்னா ஒரிஜினலோட ஒப்பிட்டு மார்க் போடலாம். இதுக்கு ஒரிஜினலே இல்ல, போன வருஷம் பாடினது இந்த வருஷம் வேற வரி.

கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் வழியா மேல ஏறினா வெள்ளிமலை, கல்வராயன் மலை. அங்க இருக்கற மலையாளி பழங்குடி மக்கள் பேசுறது தமிழ்தான். காஞ்சிபுரத்துல இருந்து கிளம்பின அண்ணன் தம்பிங்க ஆளுக்கொரு மலைன்னு பிரிஞ்சு போனாங்கன்னு அவங்க தங்கள் கதையைச் சொல்லுவாங்க. மலைக் கிராமங்கள்ல செல்போன் சிக்னல் கிடைக்கலைன்னு செய்தி திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. அங்கிருந்து ஒரு பொண்ணு ஃபைனல் வரைக்கும் வந்துட்டாங்கன்னே வெச்சுக்கோங்க. அவங்களுக்கு சொந்தக்காரங்க ஓட்டுப் போடணும்னா முதல்ல டவர் கிடைக்கற இடத்துக்கு நடந்து போகணும்.

அடுத்த ஆடிஷனுக்கு நீங்களோ உங்க ஃபிரெண்டோ போறீங்கன்னா ரெண்டு சினிமாப் பாட்டு கண்டிப்பா ரெடியா வெச்சுக்கோங்க, அது இல்லாம கதவு திறக்காது. மூணாவதா உங்க ஆயா பாடின பாட்டு ஒண்ணை போன்ல ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டுப் போங்க. அதுக்கு மைனஸ் ட்ராக் எங்கேயும் கிடைக்காது, கைத்தாளம்தான்.