முதுவர் மொழி யாருடையது?

தமிழின் கிளையா, மலையாளத்தின் கிளையா? தேவிகுளம் மலைகளில் மூன்றாவது பதிலும் உண்டு.

தேவிகுளம் தாலுகாவின் மலைக் குடிகளில் வாழும் முதுவர்களின் கதை மதுரையில் தொடங்குகிறது. அரசு குலைந்தபோது முன்னோர்கள் போடிநாயக்கனூர் வழியாக மலையேறினார்களாம். குழந்தைகளை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாம். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுப்பிலேயே இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. (பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் வாழும் முடுகர்கள் வேறு சமூகம்.)

மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றால் அவர்கள் பேசுவது தமிழ்தானே? விஷயம் அவ்வளவு எளிதல்ல. சில குடிகளின் பேச்சு தமிழை ஒட்டியிருக்கிறது. வேறு சில குடிகளில் மலையாளச் சாயல் அதிகம். மொழியியலாளர்கள் இதைத் தென்திராவிடத்தின் தமிழ் - மலையாளக் கிளையில் சேர்க்கிறார்கள். ஆனால் சர்வதேச மொழிக் குறியீட்டுப் பட்டியலில் முதுவானுக்குத் தனி இடம் உண்டு.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் எழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'நரி' என்று பெயரிட்ட ஃபாக்ஸ் மக்கள் தங்களை மெஸ்குவாக்கி என்று அழைத்துக்கொள்கிறார்கள். 1925-ல் லெனார்டு புளூம்ஃபீல்டு ஃபாக்ஸ், கிரீ, மெனாமினி, ஒஜிப்வா மொழிகளின் ஒலிகளை ஒப்பிட்டு, அவை பிறந்த அல்கோன்கியன் தாய்மொழியின் ஒலியமைப்பை மீட்டெடுத்தார். அந்த ஒப்பீட்டில் எந்த மொழியும் இன்னொன்றின் கொச்சை அல்ல; நான்கும் சமமான சாட்சிகள். எழுத்து மரபு இல்லாத பேச்சு, பெரிய மொழிகள் தொலைத்துவிட்ட பழைய கூறுகளைக் காத்து வைத்திருக்கலாம். முதுவான் பேச்சையும் அப்படித்தான் அணுக வேண்டும்.

அரசாங்கத்தின் கணக்கு வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாய்மொழிகளைப் பெரிய மொழிகளின் கீழ் தொகுக்கிறது. இருளர் பேச்சு தமிழின் கீழும், எரவர் பேச்சு மலையாளத்தின் கீழும் வருகின்றன. பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழி தனியாக அச்சில் வருவதே இல்லை. 1956-ல் தேவிகுளம் கேரளத்தோடு சேர்க்கப்பட்டபோதும் வாதம் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களின் தமிழைப் பற்றியதுதான்.

இழப்பு குழந்தைகளுக்கு. வீட்டில் ஒரு பேச்சு, பாடப் புத்தகத்தில் இன்னொன்று. முதல் வகுப்பில் பாடத்தோடு மொழியையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமல் இல்லை. 2010-ல் இடமலைக்குடி கேரளத்தின் முதல் பழங்குடி கிராம பஞ்சாயத்தானது. கவிஞர் அசோகன் மறையூர் மலையாளத்தோடு முதுவான் பேச்சிலும் எழுதுகிறார். இடமலைக்குடியில் ஒரு டீக்கடையிலேயே நூலகம் நடந்ததை 2014-ல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அங்கே இருந்த நூல்களில் ஒன்று சிலப்பதிகாரம்.

மதுரையை எரித்த கண்ணகியின் கதை, மதுரையை விட்டு வந்ததாகச் சொல்லும் மக்களுக்கு மலையாள மொழிபெயர்ப்பில் கிடைத்தது. முதுவானில் அது இன்னும் சொல்லப்பட வேண்டியிருக்கிறது.