காரை தின்பது காயிலைத்தான்

போர் தண்ணீர் ஏறும் வீட்டில் கீசரைக் கழற்றும் மெக்கானிக், காயிலைச் சுற்றி வெள்ளையாக இறுகியிருப்பதைக் காட்டி "உப்பு படிஞ்சிருக்கு" என்பார். சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் உறவில்லை; அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள். மண்ணுக்குள் இறங்கும் நீர், தன்னில் கரைந்த கரியமில வாயுவின் துணையோடு அதைப் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்து வருகிறது. சூடேறினால் வாயு பிரிந்துபோக, கரைந்தது மறுபடி கல்லாகிறது. சர்க்கரை வெந்நீரில் கூடுதலாகக் கரையும். இதுவோ சூடு ஏற ஏறக் கரைய மறுக்கும். ஆகவே தொட்டியிலேயே மிகச் சூடான இடமான காயிலில்தான் இந்தப் படிவு, அதாவது காரை, தடித்து ஏறுகிறது. நீரில் இப்படிக் கரைந்திருப்பதன் அளவே கடினத்தன்மை; குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 400 மில்லிகிராம் உள்ள நீரை நாளுக்கு 50 லிட்டர் சுட வைத்தால், கால்சியம் கார்பனேட் கணக்கில் ஆண்டுக்கு 7 கிலோவுக்கு மேல் கீசர் வழியே போகிறது. நூறில் ஒரு பங்கு தங்கினாலே 70 கிராம்.

இந்தக் காரையால் கரண்ட் பில் எகிறும் என்று சொல்லித்தான் காரையைத் தடுக்கும் பல கருவிகளை விற்கிறார்கள். கேஸ் கீசரில் செலவு ஏறும் என்ற பேச்சுக்கு நியாயம் உண்டு: குழாய்ச் சுவர் வாங்காத வெப்பம் புகையோடு போய்விடும். மின் கீசரில் காயில் நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. காரை வெப்பத்தைத் தடுக்காதா என்றால், தடுக்கும். ஆனால் அந்த வெப்பத்துக்கு நீரைத் தவிரப் போக்கிடம் ஏது? காயில் இன்னும் சூடாகி, காரையைத் தாண்டி வெப்பத்தைத் தள்ளும். 2009-இல் அமெரிக்காவின் பேட்டல் நிறுவனம் நடத்திய சோதனையிலும் கடின நீர் கேஸ் ஹீட்டர்களின் திறனைக் குறைத்தது, மின் ஹீட்டர்களின் திறனைக் குறைக்கவில்லை. விலை கொடுப்பது காயில். அளவுக்கு மீறிக் காய்ந்து அதன் உறை வெடிக்கிறது, உள்ளே நீர் புகுகிறது, வீட்டு மெயின் டிரிப் ஆகிறது.

"முன்போல வெந்நீர் வரவில்லையே" என்பதும் பொய்ப் புகார் இல்லை. உதிர்ந்த காரை அடியில் தேங்கித் தொட்டியின் கொள்ளளவைத் தின்கிறது. காரைக்கு அடியில் சிக்கிய நீர் ஆவியாகி வெடிப்பதுதான் கீசரில் கேட்கும் கடகடச் சத்தம். காரையைக் குறைக்க மலிவான வழி தெர்மோஸ்டாட்டைக் குறைப்பது. 60 டிகிரிக்கு மேல் படிவு வேகமெடுக்கும், குளிக்க 40 போதும். அதற்காக 40-இலேயே வைத்துவிடலாமா? கூடாது. லெஜியனெல்லா போன்ற கிருமிகள் வெதுவெதுப்பான தேக்கத்தில்தான் பெருகும். 60-ஐ ஒட்டி வைப்பதே நடுவழி. ஏற்கெனவே படிந்ததை, மின்சாரத்தைத் துண்டித்துக் கழற்றிய காயிலில், சிட்ரிக் அமிலக் கரைசல் பொறுமையாகக் கரைத்துவிடும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டி உடைத்தால் காரையோடு காயிலின் உறையும் கீறிப்போகும்.