காரீயம் உருக்கும் அடுப்பு: எச்சரிக்கை மட்டும் போதுமா?

பழைய பெட்டரித் தட்டுகள், கேபிள் உறைகள், வாகனச் சக்கரங்களில் பொருத்தும் நிறைக்கட்டிகள், மீன் வலைக் குண்டுகள் போன்றவற்றைச் சேர்த்து, அழுக்கு நீக்கி, வீட்டு அடுப்பில் உருக்கி, கட்டியாக்கி விற்பது பலருக்கு ஒரு சிறு வருமானம். அழுக்கோடு விற்றால் ஒரு விலை, சுத்தமான கட்டியாக விற்றால் அதைவிடக் கூடிய விலை. அந்த விலை வித்தியாசத்துக்காக ஒரு குடும்பம் எதைக் கொடுக்கிறது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

நான் கொஸ்லந்தைப் பகுதியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். உலோகங்கள் பற்றிய பாடம் வரும்போது மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், ஈயம் பாத்திரத்துக்குப் பூசுறதுதானே, அது எப்படி நஞ்சாகும்?" கேள்வி நியாயமானது. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்குப் பயன்படுத்துகிறோம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவது வெள்ளீயம். பெட்டரியில் இருப்பது காரீயம். பெயரில் உறவு இருந்தாலும் குணத்தில் உறவில்லை. வெள்ளீயத்தில் சமைத்துச் சாப்பிட்டார்கள் நம் முன்னோர். காரீயமோ உடலுக்கு எந்த அளவிலும் தேவையில்லாத நஞ்சு. பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

காரீயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். அலுமினியத்துக்கு 660 பாகையும் செம்புக்கு 1,085 பாகையும் வேண்டும். அதாவது, வேறு உலோகங்களை உருக்கப் பட்டறை வேண்டும். காரீயத்துக்கு விறகடுப்பும் ஒரு தகர டின்னும் போதும். இந்த எளிமைதான் அதை வீட்டுக்குள் கொண்டு வருகிறது.

ஆபத்து மூன்று கட்டங்களில் வருகிறது. முதலாவது, உடைத்துக் கழுவும்போது. பெட்டரிக்குள் இருக்கும் கந்தக அமிலம் தோலையும் கண்ணையும் பொசுக்கும். தட்டுகளில் ஒட்டியிருக்கும் பசை போன்ற பொருள் காரீயச் சேர்மங்களால் ஆனது. கழுவிய நீர் கானில் ஓடி, கீழே உள்ள மரக்கறிப் பாத்தியிலும் நீரோடையிலும் அதைச் சேர்க்கும். இரண்டாவது, உருக்கும்போது. ஈரமான துண்டு உருகிய காரீயத்தில் விழுந்தால் நீர் நொடியில் ஆவியாகி, கொதிக்கும் உலோகத்தை முகத்தில் தெறிக்க வைக்கும். விறகுத் தீ காரீயத்தை அதன் உருகுநிலைக்கு மேலும் வெகுதூரம் சூடாக்கவல்லது. அப்போது எழும் புகை கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். மூக்கில் கட்டும் துணி அதைத் தடுக்காது. மூன்றாவது, அழுக்கை வழித்தெடுக்கும்போது. மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடைக் குப்பை என்று நினைத்துக் கொல்லையில் கொட்டுகிறார்கள். அது காரீய ஒட்சைட்டு நிறைந்த நுண் தூள். உருக்கியவரின் சாரத்திலும் தலைமுடியிலும் ஒட்டி அது பாய்க்கும் தொட்டிலுக்கும் வந்து சேரும்.

இது எங்கு போய் முடியும் என்பதற்கு செனகல் நாட்டில் நடந்தது சாட்சி. தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோய் சூர் மேரில் பழைய பெட்டரிகளை உடைக்கும் தொழில் நீண்டகாலம் நடந்தது. அங்கு மண்ணிலேயே காரீயம் கலந்திருந்தது. உலகச் சந்தையில் விலை ஏறியபோது, மக்கள் அந்த மண்ணைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டு வந்து, சலித்துச் சுத்தப்படுத்தி விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. காரணம் ஆரம்பத்தில் யாருக்கும் புரியவில்லை. பின்னர் அப்பகுதியில் பரிசோதிக்கப்பட்ட 81 பேரின் உடலிலும் காரீய நஞ்சு இருந்தது. அந்தக் குழந்தைகள் யாரும் தொழில் செய்தவர்கள் அல்லர். அந்தத் தூசியில் விளையாடியவர்கள், அதைச் சுவாசித்தவர்கள், விரலை வாயில் வைத்தவர்கள்.

ஏன் குழந்தைகள்? விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும். உடல் அதைக் கல்சியம் என்று தவறாக எண்ணி எலும்பில் சேமிக்கும். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையில் இது இன்னும் மோசம். தாயின் எலும்பில் தங்கியது கர்ப்ப காலத்தில் வெளிவந்து சிசுவையும் அடையும். வயிற்றுவலி, மலச்சிக்கல், வெளிறிய முகம், களைப்பு, எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் கவனமும் ஞாபகமும் குறையும். வகுப்பில் நாம் 'மந்தமான பிள்ளை' என்று முத்திரை குத்துவோம். வைத்தியசாலைச் சிகிச்சையால் இரத்தத்தில் உள்ள காரீயத்தைக் குறைக்கலாம். பாதிக்கப்பட்ட மூளையைப் பழையபடி ஆக்க முடியாது. பால் குடித்தாலோ இளநீர் குடித்தாலோ இது கழிந்துவிடாது.

இங்கேதான் மீரியபெத்த நினைவுக்கு வருகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வீடு இருக்கவில்லை. மக்கல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். மாற்று வழி தராத எச்சரிக்கை ஏழையைக் காப்பாற்றாது என்பதை எங்கள் பகுதி பெரும் விலை கொடுத்துக் கற்றது.

காரீயத்திலும் அதே கதைதான். "உருக்காதே" என்று சொல்வது இலகு. முழு பெட்டரியைக் கொண்டு போனால் குறைந்த விலையும், உடைத்து உருக்கிய கட்டிக்குக் கூடிய விலையும் கிடைக்கும்வரை அடுப்பு அணையாது. விலையைத் தீர்மானிப்பவர் அடுப்பருகில் இருப்பவர் அல்லர். பழைய இரும்புக் கடையில் தராசைப் பிடித்திருப்பவர். இந்த வியாபாரத்தில் நம் சமூகத்துச் சகோதரர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டே. வீட்டில் உருக்கிய கட்டியை வாங்காதீர்கள். உடைக்காத முழு பெட்டரிக்கு நியாய விலை கொடுங்கள். பாவித்த காரீய பெட்டரி, தேசிய சுற்றாடல் சட்டத்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. அதைச் சேகரிக்கவும் மீள்சுழற்சி செய்யவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி பெற்றவரிடம் அனுப்பினால் சட்டமும் காக்கப்படும், பிள்ளையும் காக்கப்படும். அயலவருக்குத் தீங்கு வராமல் உழைப்பதும் ஹலாலான சம்பாத்தியத்தின் ஒரு பகுதிதானே.

ஏற்கெனவே உருக்கிய வீடுகளுக்குச் சில வார்த்தைகள். இன்றே நிறுத்துங்கள். கசடையும் சாம்பலையும் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், தூசி பறக்கும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உருக்கிய பாத்திரத்தில் இனி ஒருபோதும் சமைக்காதீர்கள். அந்த உடைகளைப் பிள்ளைகளின் உடைகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். உண்ணும் முன் பிள்ளைகளின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் காரீயம் போகாது. ஆகவே கழிவுநீர் கலந்த ஊற்றைப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வைத்தியரிடம் அழைத்துச் சென்று, "வீட்டில் ஈயம் உருக்கினோம்" என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் வயிற்றுவலிக்கு மட்டும் மருந்து எழுதக்கூடும். இரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பார்க்கத் தனியான பரிசோதனை வேண்டும். கொல்லையில் கொட்டிய கசடைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறுங்கள்.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் பேச நமக்கு எத்தனையோ விடயங்கள் இருக்கின்றன. அடுத்த வாரம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சகோதரரிடம், முழு பெட்டரிக்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.