அந்த ஈரம் நோயல்ல
(பெண்ணுடல் அறிவோம் - 11)

“வெள்ளப்படுதுக்கா, ஒரே சூடு.” வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளிலும் சின்னாளபட்டித் தறிவீடுகளிலும் பெண்கள் தணிந்த குரலில் சொல்லிக்கொள்வது இது. மோர், வெந்தயம், கற்றாழை என்று கைவைத்தியம் உடனே தொடங்கிவிடும். சிகிச்சை தேவைப்படுகிற வெள்ளைப்படுதலும் உண்டுதான். ஆனால் மாதத்தில் சில நாள் மட்டும் வந்து தானாக நின்றுபோகிற ஈரம், கருமுட்டை வெளிவரப்போவதற்கான அறிகுறி. பிள்ளைக்காக ஏங்கும் பெண்களே அதை நோயென்று பயப்படுவதுதான் என் வருத்தம்.

மாதவிடாய் நின்றதும் சில நாள் வறட்சி. பிறகு லேசான பிசுபிசுப்பு. ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற அது தெளிந்து, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுக்கும். இரு விரலுக்கிடையில் எடுத்துப் பிரித்தால் அறுபடாமல் இழையாக நீளும். வாடை இருக்காது, அரிப்பும் இருக்காது. இந்த ஈரத்தில் விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும். கருமுட்டைக்கோ 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள். அதனால் முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்களே முக்கியம். வழுவழுப்பு மறைந்து மறுபடி கெட்டிப்பட்டால், முட்டை பெரும்பாலும் வெளிவந்துவிட்டது.

1970-களின் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் பெங்களூரு உட்பட 5 இடங்களில் 869 பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தது. முதல் சுழற்சியிலேயே 93 சதவீதம் பேர் அடையாளம் கண்டுகொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள்.

முட்டை வெளிவருவது ‘பதினாலாம் நாள்’ என்ற கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால் என்பதே சரி. 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு அது 21-ஆம் நாளை ஒட்டி வரும்.

காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் பார்க்கும் முறையும் உண்டு. முட்டை வெளிவந்தபின் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். நாள் கடந்தபிறகுதான் தெரியும் என்பது அதன் குறை. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் மில் பெண்ணுக்கு அந்தக் கணக்கு நிலைக்காது. ஈரத்தைக் கவனிப்பதே அவருக்குத் தோது. முட்டை வெளிவரும் சமயத்தில் சிலருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று வலிக்கும், மார்பு கனக்கும். மெடிக்கலில் கிடைக்கும் கருமுட்டைப் பரிசோதனை கிட், முட்டை வெளிவரப்போவதை 24 முதல் 36 மணி நேரம் முன்பே சொல்லும்; நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் தவறாகவும் காட்டலாம்.

இப்படிப்பட்ட பேச்சு நமக்குப் புதிதல்ல. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கிய மண் இது. 1959-லேயே ஆத்தூர் வட்டாரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டை வீடு வீடாகப் பேசியவர்கள் நாம். கடைசியாக எப்போது குளித்தாய் என்று மாதவிடாய் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் கிராம சுகாதார செவிலியர், இந்த ஈரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாமே.

கர்ப்பத்தைத் தவிர்க்க இதை மட்டும் நம்பிவிட வேண்டாம். அதற்கு முறையான பயிற்சி தேவை. வாடை, அரிப்பு, எரிச்சல், மஞ்சள் அல்லது பச்சை நிறம், திரிதிரியாக வெளியேறுதல், இரு மாதவிடாய்க்கு நடுவில் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ஒரு வருடம் முயன்றும் கரு நிற்கவில்லை என்றாலும் அப்படித்தான். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். போகும்போது கணவரையும் கூட்டிப்போங்கள். விந்துப் பரிசோதனை எளிது, அதை முதலிலேயே செய்துவிடலாம்.

(அடுத்த வாரம்: நீர்க்கட்டி)