கட்டை ஆடினால் குறி தப்பும்! ஆசாரியிடம் கொடுத்தால் கம்பி எண்ணணும்!

சேலம்,-

துப்பாக்கி என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது குழல். அடுத்தது விசை. தோளில் முட்டுக் கொடுக்கிற மரக்கட்டையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் வயதான துப்பாக்கியில் பல நேரம் முதலில் பல்லைக் காட்டுவது அந்தக் கட்டைதான்! குழல் இரும்பு, துடைத்து எண்ணெய் போட்டு வைத்தால் தலைமுறை தாண்டிக் கிடக்கும். கட்டை மரம். வெயிலில் சுருங்கும். மழையில் உப்பும். எண்ணெயில் ஊறும். கீழே விழுந்தால் பிளக்கும்.

கட்டை ஆடினால் குறி தப்பும். விரிசல் பெரிதானால் சுடுகிறவர் கையே கிழியும். "இதென்ன பிரமாதம், நம்ம ஆசாரிகிட்ட கொடுத்தா ரெண்டு ஆணி அடிச்சுத் தந்துடுவார்" என்று நினைக்கிறவர்கள் உண்டு. அங்கேதான் வம்பு ஆரம்பம். கொடுத்தவர், வாங்கிய ஆசாரி இரண்டு பேர் மேலேயும் கேஸ் பாயும்!

யார் கையில் இருக்கிறது?

சேலம், நாமக்கல் சமவெளியில் துப்பாக்கி ஒன்றும் அபூர்வப் பொருள் அல்ல. பேங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் கையில் இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள். ஏற்காடு, கொல்லிமலை அடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்குக் காட்டுப்பன்றி பெரிய தலைவலி. ஒரே ராத்திரியில் மரவள்ளிக் காட்டைக் கிளறிப் போட்டுவிடும். அதற்காக அந்தக் காலத்தில் லைசென்சு வாங்கிய தாத்தா துப்பாக்கி இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. (லைசென்சு இருந்தாலும் பன்றியை இஷ்டத்துக்குச் சுட முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும்.)

இது போக, ஆயுதப்படை போலீசாரின் கிடங்கு. போலீஸ் பாஷையில் அதற்குப் பெயர் "பெல் ஆப் ஆர்ம்ஸ்". அங்கே துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டிப் பழுது பார்க்கிறவர் "ஆர்மரர்". ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்படியோ, கிடங்குக்கு இவர் அப்படி.

கிழட்டுச் சிங்கம் 303

கட்டைக் கோளாறு என்றாலே முதலில் சொல்ல வேண்டியது 303 ரக துப்பாக்கியை. 1907-ல் வந்த மார்க் 3 மாடல். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலும், வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் தயாரானது. இரண்டு உலகப் போரையும் பார்த்தது. எடை சுமார் 4 கிலோ. ஒரே நேரத்தில் 10 தோட்டா போடலாம். ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளித்தான் சுட வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு பல்லாண்டு காலம் இந்தியப் போலீசாரின் தோளில் தொங்கியது இதுதான். 2008 நவம்பர் 26-ந்தேதி மும்பை சி.எஸ்.டி. ரெயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் ஏ.கே.47-ஆல் சுட்டபோது, எதிரே நின்ற காவலர்கள் கையில் இருந்ததும் இந்த 303 தான். நாட்டிலேயே பெரிய போலீஸ் படையான உத்தரபிரதேச போலீஸ், 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் இதற்கு விடை கொடுத்தது. அவ்வளவு உழைத்த துப்பாக்கிக்குக் கட்டை தேயாமல் என்ன செய்யும்?

பிறகு வந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கும் நம் நாட்டுத் தயாரிப்பில் மரக்கட்டைதான். இன்சாஸ் வந்த பிறகே பிளாஸ்டிக் கட்டை பழக்கமானது.

எங்கே ஆடுகிறது?

303-ன் கட்டை ஒரே துண்டு அல்ல. தோளில் வைக்கும் பின்கட்டை தனி. குழலுக்கு அடியில் நீளமாக ஓடும் முன்கட்டை தனி. கை சுடாமல் இருக்க குழலுக்கு மேலே மூடுகிற மேல்கட்டை தனி.

பின்கட்டையின் முனை ஓர் இரும்புக் குழிக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். கட்டையின் நடுவே துளை. அதற்குள் ஒரு நீளத் திருகாணி ஓடி இரும்போடு கட்டையைப் பிணைக்கும். பின்னால் பித்தளைத் தகடு. அதில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் எண்ணெய்ப் புட்டியும், குழல் துடைக்கும் கயிறும் இருக்கும்.

முன்கட்டையை ஒரு கையாலும் பின்கட்டையை ஒரு கையாலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். "கடக்" என்று ஆடினால் கோளாறு. திருகாணி தளர்ந்திருக்கலாம். மரம் சுருங்கியிருக்கலாம். அல்லது குழிக்குள் இருக்கும் மரமே எண்ணெயில் ஊறி நைந்து போயிருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அவசரக்காரன் செய்யும் தப்பு

திருகாணிதானே, பின்னால் கதவைத் திறந்து நீள ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகினால் ஆச்சு என்று தோன்றும். அதுதான் தப்பு! மார்க் 3 துப்பாக்கியில் அந்தத் திருகாணியின் முனை சதுரமாக இருக்கும். குழியைத் தாண்டி வந்து, முன்கட்டையின் பின்பக்கம் உள்ள சிறு தகட்டில் போய் மாட்டிக் கொள்ளும். தானாகத் தளராமல் இருக்க வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு அது. முன்கட்டையைக் கழற்றாமல் திருகாணியைத் திருகினால் சதுர முனையும் சேர்ந்து சுழலும். "படக்" என்று முன்கட்டை பிளந்துவிடும்!

அதனால் ஆர்மரர் கை வைக்கும் வரிசையே வேறு. முதலில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்ப்பார். மேகசினையும் போல்ட்டையும் எடுப்பார். மூக்கு மூடி, பட்டைகள், அடித் திருகாணிகளைக் கழற்றி முன்கட்டையைப் பக்குவமாக வெளியே எடுப்பார். அதற்குப் பிறகுதான் பின்கட்டைத் திருகாணியைத் தொடுவார்.

இறுக்கியும் ஆடினால் மரத்தில்தான் குறை. குழிக்குள் போகும் பாகத்தில் எங்கே உரசுகிறது, எங்கே இடைவெளி என்று மை தடவிப் பார்த்து, தேய்ந்த இடத்தில் கெட்டியான மரத்துண்டை ஒட்டி, அரத்தால் ராவிப் பொருத்துவார். நைந்தே போயிருந்தால் புதுக்கட்டைதான். அதிலும் அளவு உண்டு. குட்டைக் கையருக்கு அரை அங்குலம் குறைவான கட்டையில் "எஸ்" என்றும், நெட்டையருக்கு அரை அங்குலம் கூடுதலான கட்டையில் "எல்" என்றும் முத்திரை குத்தியிருப்பார்கள். சாதா அளவுக்கு எழுத்து கிடையாது.

உள்ளே ஒளிந்திருக்கும் வியாதி

இன்னொரு கோளாறு வெளியே தெரியாது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறதே, அந்த உதையை முன்கட்டைக்குள் இருக்கும் இரண்டு சிறு மரத் தோள்கள் தாங்குகின்றன. அவை எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆனால், குழலும் உடலும் சேர்ந்து பின்னால் நகரும். அப்புறம் உதை முழுவதும் முன்கட்டையின் மெல்லிய பின்முனையில் விழும். முன்கட்டையின் பின்முனைக்கும் இரும்புக் குழிக்கும் நடுவே நூலிழை இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் ஒட்டிக் கொண்டிருந்தால் விரிசல் வரப் போகிறது என்று அர்த்தம்.

அறிகுறி என்ன? ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்டாலும் குண்டுகள் சிதறும். சுடுகிறவர் தன் கண்ணைக் குறை சொல்வார். பாவம், கண் என்ன செய்யும்?

நைந்த மரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, கெட்டி மரத்தை ரேகை பார்த்து ஒட்டி, இரண்டு பக்கமும் சமமாக முட்டும்படி செதுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் உதை கோணலாகி மறுபடி சிதறும். மணிக்கணக்கில் எடுக்கும் வேலை. இந்த இடம் பிளப்பது பழைய வியாதி என்பதால்தான், இச்சாப்பூரில் பிற்காலத்தில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியைப் போட்டு அனுப்பினார்கள்.

காம்பு வேறு, கட்டை வேறு

நம் ஊர் வெயில் தெரிந்ததுதான். சித்திரை, வைகாசியில் மண்வெட்டிக் காம்பு ஆடும். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா கழலும். தண்ணீரில் ஊறப் போடுவோம், இல்லையென்றால் ஒரு ஆப்பு அடிப்போம். சரியாகிவிடும். அதே வைத்தியத்தைத் துப்பாக்கிக் கட்டைக்குச் செய்தால் தொலைந்தது! தண்ணீர் பட்டால் மரம் உப்பும். காய்ந்ததும் முன்னைவிடச் சுருங்கும். நடுவில் இரும்பு துருப்பிடிக்கும். ஆப்பு அடித்தால் மரம் ரேகையோடு பிளக்கும்.

ஆணியும் அப்படித்தான். விரிசலுக்கு ஆணி அடிப்பது, கிழிந்த வேட்டியை இழுத்துப் பிடிப்பது மாதிரி. விரிசலில் ஊறிய எண்ணெயை முதலில் எடுத்து, எபாக்சி பசை இட்டு, பிடிப்பான் போட்டு ஒரு நாள் விட வேண்டும். எண்ணெய்ப் பசை இருக்கும் மரத்தில் எந்தப் பசையும் ஒட்டாது.

எந்த எண்ணெய்?

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் கட்டைக்குத் தேய்க்கிறவர்கள் உண்டு. அவை மரத்தில் காயாது. பிசுபிசுக்கும், தூசி பிடிக்கும், நாளடைவில் மரத்தை மெத்தென்று ஆக்கும். கட்டைக்கு ஏற்றது ஆளி விதை எண்ணெய். காற்றுப் பட்டு உறைந்து, மேலே தோல் மாதிரி நிற்கும். நாலு சொட்டு விட்டு உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. உறையும்போது அது சூட்டைக் கக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு ஏறித் தானாகவே தீப்பிடித்துக் கொள்ளும்! விரித்துக் காயப் போடுங்கள். அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். மரச்சாமான் கடைக்காரர்களும் இதைக் குறித்துக் கொள்ளலாம்.

பேங்கு வாட்ச்மேன் கவனத்துக்கு

இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஆபத்தான இடம் கழுத்து. கை பிடிக்கிற மெல்லிய பாகம். நாற்காலியில் சாய்த்து வைப்பார்கள், சறுக்கி விழும், கழுத்தில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. கைக்குட்டையால் துடைத்தால் நூல் சிக்கும். விரிசல் இருக்கிற துப்பாக்கியைச் சுட்டால், உதையில் கழுத்து முறிந்து கட்டைவிரல் சந்தைக் கிழித்துவிடும்.

குழலுக்குப் போட்ட எண்ணெய் மெல்ல வடிந்து கழுத்து மரத்தில் இறங்குவதும் ஒரு காரணம். எண்ணெய் போட்ட பிறகு ஓர் இரவு, காலித் துப்பாக்கியைக் குழல் கீழே பார்க்கும்படி நிறுத்தி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் பலூன் சுட்டுக் காசை விட்டவர்களுக்கும் ஒரு சேதி. அந்தக் காற்றுத் துப்பாக்கிக்குள் கெட்டியான சுருள்வில் இருக்கிறது. ஒவ்வொரு சுடுக்கும் அதிரும். அதிர்ச்சியில் கட்டைத் திருகாணி தளரும். உங்கள் குறி சரியாக இருந்தும் பலூன் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்!

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் 5-வது பிரிவின்படி, துப்பாக்கி தயாரிக்கவும் விற்கவும் மட்டும் அல்ல, பழுது பார்க்கவும் லைசென்சு வேண்டும். இல்லாமல் செய்தால் தண்டனை முன்பு 3 முதல் 7 ஆண்டு. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரை போகலாம்! எதிரே இருப்பவருக்கு உரிமை உண்டா என்று பார்க்காமல் துப்பாக்கியைக் கொடுத்தவருக்கு 29-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை. கூலி நூறோ இருநூறோ... குடும்பம் நடுத்தெருவில்!

நம் பக்கத்து மரவேலைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். லாரி பாடி கட்டுகிற கைக்குத் துப்பாக்கிக் கட்டை ஒரு பொருட்டே அல்ல. அதனாலேயே யாராவது கொண்டு வந்து கெஞ்சினால் "கட்டைதானே" என்று வாங்கிவிடக் கூடாது. லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கியாக இருந்தால் வம்பு இரட்டிப்பு. மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைக்கச் சொல்லிப் போலீசார் தண்டோரா போடுவது பலமுறை வந்த செய்திதான். அப்படிப்பட்டதைச் சரிசெய்து வைத்துக் கொள்ள நினைப்பதை விட ஒப்படைப்பதே புத்திசாலித்தனம்.

அதே திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கி எண்ணிக்கையை மூன்றில் இருந்து இரண்டாகக் குறைத்தார்கள். லைசென்சு காலத்தை 5 ஆண்டாக உயர்த்தினார்கள்.

தேர்தல் வந்தால்...

தேர்தல் நேரத்தில் லைசென்சுத் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் மூலையில் சாய்ந்து கிடந்து திரும்பி வரும். வாங்கும்போதே நம்பரைச் சரிபார்ப்பதோடு கட்டையையும் பாருங்கள்.

கழுத்தில் விரிசல் இருக்கிறதா? முறுக்கினால் ஆடுகிறதா? இரும்பு சேரும் இடத்தில் மரம் கறுத்து மெத்தென்று இருக்கிறதா? திருகாணித் தலை சிதைந்திருக்கிறதா? நாலில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அதில் தோட்டா போடாதீர்கள். லைசென்சுப் புத்தகத்தோடு, பழுது பார்க்க உரிமம் உள்ள ஆயுதக் கடைக்கு எடுத்துப் போங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.

பேங்கு மேனேஜர்களும் இதில் அக்கறை காட்ட வேண்டும். வாட்ச்மேனின் சட்டைப் பொத்தான் பளபளக்கிறதா என்று பார்க்கிற கண், வருஷத்துக்கு ஒருமுறை அவர் கையில் இருக்கும் கட்டையையும் பார்க்கட்டும். ஆடுகிற கட்டையால் திருடனுக்கு ஆபத்து இல்லை. வாட்ச்மேனுக்கும், பணம் கட்ட வரிசையில் நிற்கிற நமக்கும்தான் ஆபத்து!