சிவப்பு அரிசியுள் ஒரு மருந்து

சித்தியவான் வட்டாரத்துச் சீனர் சமையலில் ஒருவகைச் சிவப்பு அரிசிக்குத் தனியிடம் உண்டு. இயல்பிலேயே சிவந்த நெல்லன்று அது. வெந்த வெள்ளரிசியில் மொனாஸ்கஸ் என்னும் பூஞ்சையை வளர்த்துப் பெறுவது. நெஞ்சுக்கு நலந்தரும் 'இயற்கை உணவு' என்று கூறி, அதன் பொடியை மாத்திரைக் கூடுகளில் அடைத்தும் விற்கின்றனர்.

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1979இல் அப்பூஞ்சையினத்திலிருந்து மோனகோலின் கே என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லோவாஸ்டாட்டின் என்ற மருந்தும் அதுவும் ஒன்றே! ஈரலில் கொலஸ்ட்ரால் உருவாவதை அது குறைக்கிறது.

ஆகவே, மருத்துவர் தந்த ஸ்டாட்டின் மாத்திரையோடு இப்பொடியையும் விழுங்குபவர் ஒரேவகை மருந்தை இருமடங்காக உண்பவராகிறார். அளவு மிகுந்தால் தசை சிதையலாம். அதன் கழிவு சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். மாத்திரையின் அளவு திட்டமானது. பொடியிலோ அது புட்டிக்குப் புட்டி வேறுபடும். 'உணவுதானே' என்று கருதிப் பலர் இதனை மருத்துவரிடம் சொல்வதுமில்லை.